கறுக்கும் பால் பற்கள்: பழி சத்து மருந்துக்கு... குற்றம் ராத்திரி புட்டிக்கு!

‘விழுந்து முளைக்கிற பல்தானே’ என்று விட்டுவிடும் வீடுகளில், இரண்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது குழந்தையின் பல்வலிக் காலம். எந்த நிறம் எதைச் சொல்கிறது? எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

குழந்தையை அந்தப் பெரிய நாற்காலியில் உட்கார வைக்கவே இல்லை. டாக்டரும் தாயும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்கார்கிறார்கள். இரண்டு மடிகளின் மேல் குறுக்காகப் படுத்திருக்கிறான் இரண்டு வயதுப் பையன். கால்கள் அம்மாவின் இடுப்பைச் சுற்றி, தலை டாக்டரின் மடியில். ஆஸ்பத்திரியே அதிரும்படி அலறுகிறான். அலறுவதும் நல்லதுதான். வாய் நன்றாகத் திறந்திருக்கிறது.

டாக்டர் ஆள்காட்டி விரலால் மேலுதட்டைத் தூக்குகிறார். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறோரம் அரித்துப் பழுப்பேறிக் கிடக்கின்றன. நடுவில் உள்ள இரண்டும் பாதிக்கு மேல் கரைந்து, கறுத்த முனை மட்டும் மிச்சம். கீழ்வரிசையோ வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

“அயர்ன் சிரப் குடுக்க ஆரம்பிச்சதுல இருந்துதான் டாக்டர் இப்படி. அதான் நிறுத்திட்டோம்” என்கிறார் தாய்.

“கால்சியம் பத்தலைன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எப்படியும் விழுந்து முளைக்கிற பல்லுதானே?” என்கிறார் பின்னால் நிற்கும் பாட்டி.

டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். “கீழ்ப்பல்லும் அதே சிரப்பைத்தானே பாட்டிம்மா குடிச்சுச்சு? அது மட்டும் எப்படி வெள்ளையா இருக்கு?”

இருவரிடமும் பதில் இல்லை. அடுத்த கேள்விக்குப் பதில் உடனே வருகிறது. “ராத்திரி தூங்கும்போது என்ன குடுக்கிறீங்க?”

“புட்டியில பால். கொஞ்சம் சர்க்கரை போட்டாத்தான் குடிப்பான். நடுவுல முழிச்சா இன்னொரு தடவை...”

பெயரும் ஊரும் மாறலாம். தமிழ்நாட்டில் குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் எந்த ஓ.பி.யிலும் கேட்கக்கூடிய உரையாடல்தான் இது. சத்து மருந்து மேல் பழி போட்டு நிறுத்துகிறார்கள். இல்லாத கால்சியம் குறைக்கு டானிக் வாங்குகிறார்கள். உண்மையான காரணம் தலையணைப் பக்கத்திலேயே கிடக்கிறது.

## கருவிலேயே தொடங்கும் கணக்கு

பால் பற்கள் மொத்தம் 20. முதல் பல் வாயில் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் 6 முதல் 10 மாதத்துக்குள், கீழ் முன்வரிசையில். சில குழந்தைகளுக்கு ஒரு வயது தாண்டியும் ஆகலாம். சிலருக்கு மேல்பல் முதலில் வரும். ‘தாய்மாமனுக்கு ஆகாது’ என்று பயப்பட அதில் எதுவும் இல்லை. இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும்.

ஆனால், இந்தப் பற்கள் கெட்டிப்படத் தொடங்குவது அம்மாவின் வயிற்றில், நான்காவது மாத வாக்கில். குறைமாதப் பிரசவம், பிறந்ததும் வந்த கடுமையான நோய் போன்றவை பல்லின் மேல்பூச்சான எனாமலில் தடம் பதிப்பது அதனால்தான். பால் பல்லின் எனாமல், நிரந்தரப் பல்லின் எனாமலில் ஏறக்குறைய பாதி கனம்தான் இருக்கும். பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் நடக்கும் அரிப்பு, குழந்தைக்குச் சில மாதங்களிலேயே நரம்பைத் தொட்டுவிடுவதும் அதனால்தான்.

நிரந்தரப் பற்களின் கதையும் இதே காலத்தில்தான் எழுதப்படுகிறது. ஏழு வயதில் முளைக்கப்போகும் முன்பற்கள், குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே ஈறுக்குள் கெட்டிப்படத் தொடங்கிவிடுகின்றன.

> பெட்டிச் செய்தி: நிறம் சொல்லும் சேதி
>
> சுண்ணாம்பு வெள்ளை: ஈறை ஒட்டி மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் முதல் படி. இந்தக் கட்டத்தில் குழி விழாமல் தடுக்க முடியும்.
>
> மஞ்சள், பழுப்பு: ஈறோரம் சொரசொரப்பாகவோ குழியாகவோ இருந்தால் சொத்தை முற்றுகிறது. உடனே காட்ட வேண்டும்.
>
> ஈறோரம் மெல்லிய கறுப்புக் கோடு, குழி இல்லை: நிறம் உண்டாக்கும் ஒருவகைப் பாக்டீரியாவோ அயர்ன் சிரப்போ காரணமாக இருக்கலாம். மேலோட்டமான கறை. டாக்டர் பாலிஷ் செய்தால் போய்விடும், திரும்ப வரவும் செய்யும். இந்தக் கோடு உள்ள குழந்தைகளுக்குச் சொத்தை குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.
>
> சாம்பல்: ஒரே ஒரு பல் மட்டும் நிறம் மாறினால் அடிபட்டதன் அடையாளம். நடை பழகும் வயதில் விழுந்தது இப்போது தெரிகிறது. சில பற்கள் தானாகவே பழைய நிறத்துக்கு வரும். ஈறில் வீக்கமோ சீழோ தெரிந்தால் காத்திருக்கக் கூடாது.
>
> இளஞ்சிவப்பு: இதுவும் பெரும்பாலும் அடிபட்ட பல்தான். உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம், அல்லது பல் உள்ளிருந்து கரைந்துகொண்டிருக்கலாம்.
>
> பச்சை: மேலோட்டமான கறை என்றால் பாக்டீரியா. பல்லே பச்சையாக முளைத்தால், பிறந்த பருவத்தில் நீண்ட நாள் நீடித்த கடும் மஞ்சள் காமாலையோ கல்லீரல் நோயோ காரணமாக இருக்கலாம். இரண்டு மூன்று நாள் நீல விளக்கில் வைத்துச் சரியான சாதாரண மஞ்சள் காமாலைக்கு இந்தப் பயம் வேண்டாம்.
>
> எல்லாப் பல்லும் பழுப்பு கலந்த நீலம், கண்ணாடி போன்ற மினுமினுப்பு: மரபுவழி வரும் அரிய குறைபாடு. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்பார்.

## மேல்பல் மட்டும் ஏன்?

அந்த டாக்டர் கேட்ட கேள்விக்கு வருவோம். புட்டியின் ரப்பர் காம்பைக் குழந்தை சப்பும்போது, நாக்கு முன்னே வந்து கீழ் முன்பற்களை மூடிக்கொள்கிறது. அருகிலேயே உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் இருப்பதால் கீழ்ப்பற்கள் நனைந்துகொண்டே இருக்கும். மேல் முன்பற்களுக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது. பால் நேராக அவற்றைச் சுற்றித் தேங்குகிறது.

பகலில் குடித்தால் உமிழ்நீர் கழுவிவிடும். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும், விழுங்குவதும் குறையும். வாயில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த இனிப்பைத் தின்று அமிலமாக்குகின்றன. அமிலம் கூடி, பி.ஹெச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலில் இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறும். மணிக்கணக்கில், ராத்திரிக்கு ராத்திரி இதுவே நடக்கிறது. அதாவது, கால்சியம் உடம்பில் குறையவில்லை. பல்லில் இருந்துதான் களவு போகிறது. டானிக் குடித்தால் இது நிற்காது.

சர்க்கரை போட்ட பால் மட்டுமல்ல. புட்டியில் ஊற்றும் பழச்சாறு, குளுக்கோஸ் தண்ணீர், பிஸ்கட் கரைத்த பால், மால்ட் பவுடர் கலந்த பால் எல்லாம் இதே வேலையைச் செய்யும். அழும்போது நிப்பிளைத் தேனில் தொட்டு வாயில் வைப்பது இன்னும் மோசம். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது பல்லுக்கு மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்தான பாட்டுலிசம் என்ற நச்சு நோயை வரவழைக்கக்கூடியது. சேனை வைக்கிற வீடுகள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பனங்கற்கண்டு, கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை என்று பெயரை மாற்றினாலும் பாக்டீரியாவுக்கு எல்லாம் இனிப்புதான்.

‘அப்படியென்றால் தாய்ப்பால்?’ பல தாய்மார்களின் பயம் இது. தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆனால், ஒரு வயதைத் தாண்டி, பற்களும் முளைத்து, மற்ற உணவும் சாப்பிடத் தொடங்கிய குழந்தை ராத்திரி முழுக்கக் காம்பை வாயிலேயே வைத்துத் தூங்கினால் சொத்தை வரும் வாய்ப்பு கூடுகிறது. படுக்கும் முன் பல் துலக்குவதும், தூங்கியதும் மெல்ல விடுவிப்பதும் போதும்.

சொத்தை வர இன்னொரு வழியும் இருக்கிறது. சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியா, குழந்தை பிறக்கும்போது அதன் வாயில் இருப்பதில்லை. பெரும்பாலும் அம்மாவிடம் இருந்து வருகிறது. சோற்றை வாயில் வைத்துச் சூடு பார்த்து அதே ஸ்பூனால் ஊட்டுவது, கீழே விழுந்த நிப்பிளைத் தன் வாயில் சப்பிச் சுத்தம் செய்து கொடுப்பது ஆகிய பாசமான பழக்கங்கள்தான் பாதை. கர்ப்ப காலத்திலேயே அம்மாவின் சொத்தைப் பல்லைச் சரிசெய்வது, பிறக்கப்போகும் குழந்தைக்குச் செய்யும் முதல் பல் வைத்தியம்.

## பழி சுமக்கும் சிரப்

ரத்தசோகை தடுப்புக்காக 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு வாரம் இரண்டு முறை, ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் கொடுப்பது அரசுத் திட்டம். ‘அனீமியா முக்த் பாரத்’ என்ற பெயரில் 2018 முதல் நடக்கிறது. தேவை எவ்வளவு என்பதற்கு ஒரே எண் போதும்: 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் இதே வயதுக் குழந்தைகளில் சுமார் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

அந்தச் சிரப் பல்லில் கறை ஏற்படுத்துவது உண்மை. ஆனால், அது மேற்பரப்பில் ஒட்டும் கறை மட்டுமே. பல்லை அரிக்காது, குழி போடாது. டிராப்பரை நாக்கின் பின்பக்கமாக வைத்து விட்டு, உடனே தண்ணீர் கொடுத்து, துணியால் பல்லைத் துடைத்தால் கறை வெகுவாகக் குறையும். கறை படிந்துவிட்டாலும் கிளினிக்கில் சில நிமிடங்களில் நீக்கிவிடலாம். நிறத்துக்குப் பயந்து சிரப்பை நிறுத்தும் வீட்டில் பல்லும் தப்புவதில்லை, ரத்தமும் ஊறுவதில்லை.

இதில் ஒரு சுழலும் இருக்கிறது. புட்டிப்பால் நிறையக் குடிக்கும் குழந்தைக்குப் பசி இருக்காது. சோறு, பருப்பு, கீரை எதுவும் இறங்காது. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதனால் ரத்தசோகை வருகிறது. ரத்தசோகைக்குச் சிரப் வருகிறது. பல் கறுத்ததும் சிரப் நிற்கிறது. பல்வலியால் மெல்ல முடியாத குழந்தைக்குப் ‘பாலாவது குடிக்கட்டும்’ என்று மறுபடி புட்டி வருகிறது.

மற்ற மருந்துகளுக்கும் இதே கவனம் வேண்டும். அடிக்கடி சளி, இருமல், வீசிங் உள்ள குழந்தைகள் குடிக்கும் இனிப்பு சிரப்புகள் ராத்திரி படுக்கும் நேரத்தில்தான் உள்ளே போகின்றன. கொடுத்ததும் வாயைத் தண்ணீரால் துடைக்க வேண்டும். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக், வளரும் பல்லுக்குள்ளேயே மஞ்சள், சாம்பல் பட்டையாகப் பதிந்துவிடும் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்டவர்களுக்கும் டாக்டர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த டாக்ஸிசைக்ளின் விதிவிலக்கு. மழைக்காலத்தில் தமிழ்நாட்டில் அதிகம் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு அது உயிர் காக்கும் மருந்து. சில நாள் மட்டும் கொடுக்கும் அளவில் பல்லில் கறை விழுவதாக ஆய்வுகளில் தெரியவரவில்லை. டாக்டர் எழுதினால் தயங்காமல் கொடுங்கள்.

## ‘விழுகிற பல்தானே?’

இந்த ஒரு வாக்கியத்தின் விலை என்ன என்று கணக்குப் போடுவோம்.

முன்பற்கள் விழத் தொடங்குவது ஆறு, ஏழு வயதில். பின்பக்கக் கடைவாய்ப் பால் பற்கள் விழுவது 10 முதல் 12 வயதில். இரண்டு வயதில் சொத்தையான கடைவாய்ப் பல் ‘விழுந்து முளைக்க’ இன்னும் எட்டு, பத்து வருடம் இருக்கிறது. அந்த எட்டு, பத்து வருடமும் குழந்தை அந்தப் பல்லோடுதான் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும்.

வலி: இரண்டு வயதுக் குழந்தைக்குப் ‘பல் வலிக்கிறது’ என்று சொல்லத் தெரியாது. சோற்றை வாய்க்குள் அடக்கி வைத்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்கமாக மட்டும் மெல்லும். இட்லி, தயிர்சாதம் தவிர எதையும் தொடாது. நள்ளிரவில் எழுந்து காரணம் தெரியாமல் அழும். வீட்டில் இதற்குப் பிடிவாதம், சேட்டை, கண்ணேறு என்று பெயர் வைத்துச் சுற்றிப் போடுவார்கள். எடை கூடாத குழந்தைகளுக்குப் பூச்சி மருந்தும் பசி டானிக்கும் தேடுபவர்கள், உதட்டைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

சீழ்: சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் வேரின் நுனியில் சீழ் கட்டும். ஈறில் பருப்போல ஒரு கொப்புளம் தெரியும். உடைந்ததும் வலி குறையும், வீட்டாரும் மறந்துவிடுவார்கள். கிருமி மட்டும் உள்ளேயே இருக்கும். அந்த வேருக்கு நேர் கீழேதான் நிரந்தரப் பல்லின் மொட்டு வளர்ந்துகொண்டிருக்கிறது. சீழின் பாதிப்பால் அந்தப் பல் குழியோடும் பழுப்புத் திட்டோடும் முளைக்கலாம். ‘விழுந்து முளைக்கும்’ என்று காத்திருந்த பல், முளைக்கும்போதே பழுதாக வரும். கிருமி கன்னத்துக்குப் பரவி முகம் வீங்கி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலையும் வரும்.

இடம்: பால் பல்லின் இன்னொரு வேலை, பின்னால் வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது. கடைவாய்ப் பால் பல்லை முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால், ஆறு வயதில் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்னே நகர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். வரவேண்டிய பல் இடமில்லாமல் கோணலாக வரும். பதின்பருவத்தில் கம்பி கட்டும் செலவில் ஒரு பங்கு, பாலர் வயதில் விட்டுவிட்ட சொத்தையின் வட்டி.

பேச்சும் முகமும்: முன்பற்கள் சீக்கிரமே போய்விட்ட குழந்தைக்கு ‘ஸ’, ‘த’ போன்ற ஒலிகள் தடுமாறலாம். எல்.கே.ஜி. வகுப்பில் மற்ற குழந்தைகள் கேலி செய்வது இருக்கட்டும். போட்டோவுக்கு வாயை மூடிக்கொண்டு சிரிக்கக் கற்றுக்கொடுப்பது பல நேரம் வீட்டுப் பெரியவர்களே.

செலவு: அழுது புரளும் இரண்டு வயதுக் குழந்தைக்கு எட்டுப் பத்துப் பற்களில் சிகிச்சை என்றால், பல நேரங்களில் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டியிருக்கும். ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் என்று தனியாரில் செலவு பல ஆயிரங்களைத் தாண்டும். இவ்வளவையும் தவிர்த்திருக்கக்கூடியது ஒரு பிரஷ்.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வாய் நல அறிக்கை, உலகெங்கும் சுமார் 51 கோடி குழந்தைகளுக்குப் பால் பல் சொத்தை இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறது.

## தருமபுரித் தண்ணீர் கற்றுத் தரும் பாடம்

தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் பிரச்னை வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே குற்றவாளி புட்டி அல்ல, அதில் ஊற்றும் தண்ணீர். பாறைப் பகுதியில் ஆழமாகப் போடும் போர்வெல்களில் ஃப்ளோரைடு அதிகம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம். அதைத் தாண்டிய தண்ணீரை வளரும் வயதில் தொடர்ந்து குடித்தால், நிரந்தரப் பற்கள் வெள்ளைத் திட்டுகளோடும் பழுப்புப் பட்டைகளோடும் முளைக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கறை பல்லின் மேல் இல்லை, எனாமலின் உள்ளேயே இருக்கிறது.

தென்னிந்தியாவுக்கு இது புதிதல்ல. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் மக்களின் எலும்பும் பல்லும் ஃப்ளோரைடால் பாதிக்கப்பட்டதை 1937-லேயே ஷார்ட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் பதிவு செய்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் தொடங்கப்பட்டது. ஃப்ளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கத்தைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் திட்டம் அது.

இதில் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது வயதுக் கணக்கு. ஏழு வயதுப் பிள்ளையின் முன்பல்லில் தெரியும் பழுப்பு, அது ஒன்று முதல் மூன்று வயதில் குடித்த தண்ணீரின் கணக்கு. அந்த வயதில் பவுடர் பாலும் கஞ்சியும் கரைக்க எந்தத் தண்ணீர் பயன்பட்டது என்பதே முக்கியம். தாய்ப்பாலில் ஃப்ளோரைடு மிக மிகக் குறைவு, தாய் குடிக்கும் தண்ணீரில் அதிகம் இருந்தாலும்கூட. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும். குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளில், பிள்ளைக்கென்று ஒரு குடத்தைத் தனியாகப் பிடித்து வைப்பது மலிவான தீர்வு.

இதை வைத்து ‘ஃப்ளோரைடு பேஸ்ட்டே விஷம்’ என்று முடிவு கட்டுவதும் தவறு. அளவுக்கு மீறி விழுங்கினால்தான் திட்டு வரும். சரியான அளவில், பல்லின் மேல் படும் ஃப்ளோரைடு சொத்தையைத் தடுக்கும். தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்க்காரர்கள் மட்டும், பேஸ்ட் விஷயத்தில் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

> பெட்டிச் செய்தி: எந்த வயதில் எப்படி?
>
> பல் முளைக்கும் முன்: தினமும் ஒருமுறை, நனைத்த சுத்தமான மெல்லிய துணியை விரலில் சுற்றி ஈறைத் துடைக்கலாம்.
>
> முதல் பல் முதல் 3 வயது வரை: சின்னத் தலை, மென்மையான நார் உள்ள பிரஷ். ஃப்ளோரைடு பேஸ்ட் ஓர் அரிசி அளவு. காலையிலும், படுக்கும் முன்பும். பிந்தியதுதான் அதிமுக்கியம்.
>
> 3 முதல் 6 வயது வரை: பட்டாணி அளவு பேஸ்ட். துப்பச் சொல்லுங்கள், வாயை ரொம்பக் கொப்பளிக்க வேண்டாம்.
>
> 7, 8 வயது வரை: பிள்ளையே துலக்கினாலும், பெரியவர் ஒருமுறை துலக்கிவிட வேண்டும்.
>
> பேஸ்ட் வாங்கும்போது: ஃப்ளோரைடு எத்தனை பி.பி.எம். என்று டியூபிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. 1,000-ஐத் தாண்டக் கூடாது. ‘குழந்தைகள் பேஸ்ட்’ என்று வரும் சிலவற்றில் ஃப்ளோரைடே இருக்காது. கார்ட்டூன் படத்தைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்.
>
> புட்டி: 12 முதல் 18 மாதத்துக்குள் நிறுத்துங்கள். 6 மாதத்தில் இருந்தே டம்ளரில் தண்ணீர் குடிக்கப் பழக்கலாம். இரண்டு வயது வரை தனியாகச் சர்க்கரை சேர்க்கவே வேண்டாம்.
>
> வேண்டவே வேண்டாம்: உமிக்கரி, கரித்தூள், எலுமிச்சைச் சாறு. கறையோடு சேர்த்து எனாமலையும் தேய்த்துவிடும். பல் முளைக்கும்போது ஈறில் கிராம்பு எண்ணெய், மரத்துப்போகச் செய்யும் ஜெல் எதையும் தடவ வேண்டாம்.

## ராத்திரி புட்டியை நிறுத்துவது எப்படி?

சொல்வது எளிது. மாமியார், மாமனார், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் தூங்கும் நேரத்தில் வீறிடும் குழந்தையைச் சமாளிக்கும் தாய்க்குத்தான் கஷ்டம் தெரியும். டாக்டர்கள் சொல்லும் வழி படிப்படியானது. முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். அடுத்து, ராத்திரிப் புட்டியில் பாலோடு தண்ணீரை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் அது வெறும் தண்ணீராகிவிடும். வெறும் தண்ணீருக்காக எழுந்து அழும் ஆர்வம் குழந்தைக்கும் குறைந்துவிடும். ராத்திரிச் சாப்பாட்டை வயிறு நிறையக் கொடுத்து, பாலை டம்ளரில் கொடுத்து, பல் துலக்கி, பிறகு தாலாட்டு. இந்த வரிசை மாறக் கூடாது. இடையில் பாட்டி மனம் இளகிப் புட்டியைக் கொடுத்துவிட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். எனவே, டாக்டரிடம் போகும்போது பாட்டியையும் அழைத்துப் போங்கள்.

## கறுப்பே மருந்தாகும் போது

வெள்ளைக் கோடு நிலையிலேயே வந்தால், ஃப்ளோரைடு வார்னிஷ் என்ற பசையைப் பிரஷால் தடவிவிடுவார்கள். ஊசி இல்லை, டிரில் இல்லை, ஒரு நிமிட வேலை. மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும்.

குழி விழுந்துவிட்ட பல்லுக்கு, டிரில் செய்ய ஒத்துழைக்காத வயதில், சில்வர் டையமின் ஃப்ளோரைடு என்ற திரவத்தை ஒரு சொட்டுத் தொட்டு வைக்கிறார்கள். சொத்தை மேலும் பரவாமல் நிறுத்துவதில் கெட்டி. ஜப்பானில் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பழக்கத்தில் இருக்கும் இந்த மருந்தை, உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஒரே ஒரு குறை, சொத்தை இருந்த இடம் கன்னங்கரேலென்று கறுத்துவிடும். ‘கறுப்பைப் போக்க வந்தால் இன்னும் கறுப்பாக்கிவிட்டார்களே’ என்று பெற்றோர் அதிர்வதுண்டு. பழுப்பாக, மிருதுவாக இருக்கும் சொத்தை வளர்கிறது. கறுத்துக் கெட்டியானால் அது நின்றுவிட்டது.

நரம்பு வரை போன பல்லுக்குப் பால் பல் வேர் சிகிச்சையும், மேலே உறையும் உண்டு. பிடுங்க நேர்ந்தால், அடுத்த பல் நகராமல் இருக்க இடம் காக்கும் கம்பி வளையம் பொருத்துவார்கள். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கெல்லாம் குழந்தைகளுக்கான தனிப் பிரிவு இருக்கிறது. விழுந்து அடிபட்டுப் பால் பல் முழுதாகக் கையோடு வந்துவிட்டால் மட்டும், திரும்பச் செருக முயல வேண்டாம். கீழே இருக்கும் நிரந்தரப் பல் மொட்டைக் குத்திவிடும்.

## புதன்கிழமை வாய்ப்பு

முதல் பிறந்தநாளுக்குள் முதல் பல் பரிசோதனை என்பது உலகெங்கும் குழந்தைப் பல் மருத்துவர்கள் சொல்லும் விதி. நம் ஊரில் குழந்தை முதன்முதலாகப் பல் டாக்டரைப் பார்ப்பது வீங்கிய கன்னத்தோடுதான். அதற்குப் பெற்றோரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலான கிராமங்களுக்குக் குழந்தைப் பல் மருத்துவர் என்று ஒருவர் இருப்பதே தெரியாது.

பள்ளி, அங்கன்வாடிக் குழந்தைகளைப் பரிசோதிக்க 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் பல் சொத்தையும் கவனிக்க வேண்டிய குறைகளின் பட்டியலில் இருக்கிறது. நடமாடும் மருத்துவக் குழுவும் அங்கன்வாடிக்கு வருகிறது. ஆனால், அங்கன்வாடிக்கு வரும் வயதில் பல குழந்தைகளுக்குச் சொத்தை ஏற்கெனவே விழுந்திருக்கும். பிடிக்க வேண்டிய வயது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில். அந்த வயதில் தமிழ்நாட்டுக் குழந்தைகள் ஏறக்குறைய எல்லாரும் தவறாமல் போகும் இடம் ஒன்று உண்டு, புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடும் ஆரம்ப சுகாதார நிலையம்.

தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. முதல் ஊசியின்போது பெரும்பாலும் இரண்டு பல்லாவது முளைத்திருக்கும். இரண்டாவதின்போது மேல் முன்பற்கள் நான்கும் வந்திருக்கும், வெள்ளைக் கோடு விழத் தொடங்கும் காலமும் அதுதான். எடை போடும் செவிலியர் உதட்டைத் தூக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும், கருவி எதுவும் வேண்டாம். தடுப்பூசி அட்டையில் ‘பல்’ என்று ஒரு கட்டம் சேர்க்க அரசுக்குப் பெரிய செலவும் ஆகாது. அந்தக் கட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த புதன்கிழமை ஊசி போடப் போகும்போது, “சிஸ்டர், மேல்பல்லையும் கொஞ்சம் பாருங்க” என்று நீங்களே கேளுங்கள்.